முண்ணாணும் பெருநாடிச் சத்திரசிகிச்சையும்

இருதயத்தினின்று எழும் பெருநாடி, வளைந்து முள்ளந்தண்டை ஒட்டி நெஞ்சறையினூடும் வயிற்றறையினூடும் கீழிறங்குவது. அதன் சுவர் நலிந்து வீங்குமாயின் ஒருநாள் வெடித்து உயிரைப் போக்கும். ஆதலின், வீங்கிய பகுதியை இடுக்கிகளால் அடைத்துத் திறந்து, நெய்த செயற்கைக் குழாயொன்றைப் பொருத்துவர். உயிர் தப்பிவிடும், ஆயினும் கண்விழித்த நோயாளி தம் கால்களிரண்டும் அசையாமை கண்டு திகைத்தலும் உண்டு. கத்தியோ முண்ணாணைத் தீண்டவேயில்லை. இக்கேடு எங்ஙனம் விளைந்தது?

முண்ணாணின் முற்புறத்தே ஒரே நாடியும் பிற்புறத்தே இரு நாடிகளும் நெடுக ஓடுகின்றன. முண்ணாணின் முன் மூன்றில் இரு பங்குக்கு, தசைகளை இயக்கும் நரம்புக்கலங்கள் உட்பட, குருதி வழங்குவது முன்னுள்ள அவ்வொன்றேயாம். கழுத்திலிருந்து வரும் குருதி மட்டும் அதன் கடைமடைக்குப் போதாது. இடையிடையே பெருநாடியினின்று பிரியும் கிளைகள் வந்து கலத்தல் வேண்டும். அவற்றுட் பெரியதொன்றை 1882 இல் கிராக்கோ நகரத்து நோயியலறிஞர் அல்பேட் ஆடம்கீவிச் விவரித்தார். அஃது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பலரில் இடப்பக்கத்தே, 9 ஆம், 12 ஆம் நெஞ்சு முள்ளென்புகளுக்கிடையே அது புறப்படும். எனினும் ஆளுக்காள் இடம் மாறும். இடுக்கி விழுமிடம் பெரும்பாலும் இப்பகுதியே.

அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரில் இத்தகைய சிகிச்சை பெற்ற 1,509 பேரை ஆராய்ந்து 1993 இல் வெளியிட்ட அறிக்கை, நூற்றுக்குப் 16 பேர் கால்வலு குன்றினர் அல்லது முற்றாய் இழந்தனர் என்றது.

கிளைகளைப் புதுக்குழாயில் மீள இணைத்தலும், உடலைக் குளிர்வித்தலும் ஓரளவு காக்கும். இவற்றினும் நுட்பமானது அமுக்கக் கணக்கு. முண்ணாண், பாய்பொருளொன்றில் மிதப்பது. நாடியின் அமுக்கத்தினின்று அப்பாய்பொருளின் அமுக்கத்தைக் கழிக்க எஞ்சுவதே குருதியை முண்ணாணுட் செலுத்தும். நாடியில் 80 மில்லிமீற்றர், பாய்பொருளில் 20 எனின் எஞ்சுவது 60. இடுப்பில் நுண்குழாய் செருகிப் பாய்பொருளை வடித்து 20 ஐ 10 ஆக்கின் 70 கிடைக்கும். எளிய கழித்தலே, ஆயின் பயன் பெரிது. 2002 இல் கொசெல்லி குழுவினர் 145 பேரிடம் நடத்திய சோதனையில், வடிக்கப்படாதோருள் நூற்றுக்கு 13 பேரும், வடிக்கப்பட்டோருள் 2.6 பேருமே வாதமுற்றனர்.

சில மணி நேரமோ சில நாளோ நன்கு நடமாடியபின் கால் சோர்வதும் உண்டு. குருதியமுக்கம் தாழ்தலே அதற்குப் பெருங்காரணம்; உடனே அமுக்கத்தை உயர்த்திப் பாய்பொருளை வடித்தால் சிலர் மீள்வர். தொடை நாடி வழியே குழாய் செலுத்தும் புதுமுறையில் இடுக்கி இல்லை; ஆயினும் மூடுண்ட கிளைகளைத் திறக்கவியலாமையின் அச்சம் நீங்கியபாடில்லை. வடித்தலிலும் நிதானம் வேண்டும். மிகுதியாகவோ விரைவாகவோ வடித்தால் மண்டையோட்டினுள்ளே குருதி கசியும்.