மழை விட்டதும் வேலை வரும்... ஆனால் என்ன வேலை?

சிக்கல் பக்கம் வேலையின்மைக்கும் மாதம் உண்டு. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும், வாலிநோக்கம் கரையோர உப்பளங்களில் பாத்திகள் மூழ்கிவிடும். உப்பு வாரவும் வழியில்லை, சுமக்கவும் வழியில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்த நாட்களுக்காகத்தான் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ரூ.5,000 நிவாரணம் தருகிறது. மூன்று மாதத்துக்கு வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 55 ரூபாய்கூடத் தேறாது.

தை பிறந்தால் வேலை திரும்பும். தேங்கிய தண்ணீரை வடித்து, சேற்றை அள்ளி, தரையை மிதித்து இறுக்கினால்தான் பிறகு உப்பு விளையும். எல்லாம் தினக்கூலிதான்.

சரி, வேலைதான் கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன பிரச்சினை? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் நடத்திவரும் தொழிலாளர் கணக்கெடுப்பைக் கேட்டால், பிரச்சினை எப்போதுமே இருந்ததில்லை. ஆண்டின் பெரும்பகுதி வேலை பார்த்தவர் 'வழக்கமான நிலை' கணக்கில் வேலையில் இருப்பவர்தான். மழைக்கால முடக்கம் அதில் தெரியாது. வாராந்திரக் கணக்கிலோ, வாரத்தில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே போதும். வேலை உண்டா, இல்லையா என்பதைத்தான் அந்த எண் சொல்லும். அது எப்படிப்பட்ட வேலை என்பதைச் சொல்லாது.

வேலையின் தரம் தெரிய பணிக்கொடையைப் பார்க்கலாம். 1972ஆம் ஆண்டு சட்டப்படி, ஓராண்டுப் பணிக்கு 15 நாள் கூலி. பருவகால நிறுவனம் என்றால் ஒரு பருவத்துக்கு 7 நாள் மட்டுமே. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 7 நாள்தான்.

ஆனால் அதே சட்டத்தில் தொழிலாளிக்குச் சாதகமான ஒரு விதியும் இருக்கிறது, பலருக்கும் தெரியாது. பருவகால நிறுவனம் இயங்கிய நாட்களில் 75 சதவீதம் வேலை பார்த்திருந்தால், அவரது பணி அறுபடவில்லை என்றே பொருள். மழைக்கு மூடிய நாட்களை அவர் கணக்கில் கழிக்க முடியாது.

அதை நிரூபிக்கத்தான் தாள் வேண்டும். கூலி கையில் ரொக்கமாக வந்து, வருகைப் பதிவேட்டில் பேர் ஏறாவிட்டால், இருபது வருஷம் அதே பாத்தியை மிதித்தவரும் ஒவ்வொரு தையிலும் புது ஆள்தான். வேலை தொடங்கும் முதல் வாரத்திலேயே பதிவேட்டில் பேர் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதும், கூலிச் சீட்டு வாங்கி வைப்பதும் இதற்காகத்தான்.