கட்டமும் புள்ளடியும்

வாக்குச் சீட்டைக் கையிலேந்திய யாழ்ப்பாணத்தார்க்குப் புள்ளடி புதியதன்று. 1989ஆம் ஆண்டு முதல் விகிதாசார முறையில் நடைபெற்றுவரும் பாராளுமன்றத் தேர்தலில், வாக்காளர் ஒரு கட்சிக்கே புள்ளடியிடலாம். அக்கட்சியின் வேட்பாளருள் மூவர் வரை விருப்பு வாக்கும் அளிக்கலாம். ஒன்றை மட்டும் தெரிதல், பலவற்றைத் தெரிதல் என்னும் இவ்விரு முறைகளும் இணையப் படிவங்களிலும் உள. முன்னையதற்கு வட்டமும் பின்னையதற்குச் சதுரக் கட்டமும் அடையாளமாம். அச்சதுரக் கட்டத்தை அமைக்குமாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இணையப் பக்கங்களை ஆக்கும் குறிமொழி எச்.டி.எம்.எல். எனப்படும். 1995ஆம் ஆண்டில் வெளியான அதன் இரண்டாம் பதிப்பிலேயே இக்கட்டம் இடம்பெற்றுள்ளது. 'இன்புட்' என்னும் குறியை எழுதி, அதன் வகை 'செக்பாக்ஸ்' எனக் குறித்தாற் கட்டம் தோன்றும். அதனுடன் 'நேம்', 'வேல்யூ' என்னும் இரண்டும் வேண்டும். முன்னது வினாவைச் சுட்டும். பின்னது விடையைச் சுட்டும். பழைய மாணவர் பதிவுப் படிவமொன்றில், பங்குகொண்ட துறைகளைக் கேட்குமிடத்துத் துடுப்பாட்டம், உதைபந்தாட்டம், சாரணியம், விவாதம் என நான்கு கட்டங்கள் அமைப்பதாகக் கொள்வோம். நான்கிற்கும் நேம் ஒன்றே, வேல்யூ வெவ்வேறு. வேல்யூவை எழுதாது விடின், குறித்தவை யாவும் 'ஆன்' என்றே வந்து சேரும். துடுப்பாட்டக்காரர் யார், சாரணர் யார் எனப் பிரித்தறிதல் இயலாது.

கட்டத்தின் அருகேயுள்ள சொல்லை 'லேபல்' என்னும் குறியினால் அதனோடு பிணைத்தலும் வேண்டும். பிணைப்பின், சொல்லைத் தொட்டாலும் கட்டம் குறிபெறும். முதுமையாற் கைநடுங்கும் அன்பர்க்கு இது பேருதவியாகும். பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளும் அச்சொல்லையே உரைக்கும்.

பிறிதொன்றும் அறியற்பாலது. குறியிடப்படாத கட்டம் எச்செய்தியையும் அனுப்பாது. ஆதலின், மறுத்தவரும் வினாவைக் காணாதவரும் ஒரு தன்மையராகவே தோன்றுவர். திட்டமான ஆம், இல்லை வேண்டுமிடத்து இரு வட்டங்கள் அமைத்தலே தகும்.

'செக்ட்' என்னும் சொல்லைச் சேர்ப்பின், கட்டம் முன்னரே குறிபெற்றுத் தோன்றும். இணக்கம் கேட்குமிடத்து இது தகாது. முன்கூட்டியே குறியிட்ட கட்டம் இணக்கமாகாதென ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. எமது பழைய மாணவருட் பலர் அந்நாடுகளில் வாழ்கின்றனர். அவர்தம் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் வெளியிட இசைவு கேட்கும் கட்டத்தை வெறுமையாகவே விடுதல் முறை. பிறர் வாக்கை நாம் இடுதல் எங்ஙனம் அறமன்றோ, அங்ஙனமே பிறர் இசைவை நாம் இடுதலும் அறமன்று. புள்ளடி அவரவர் கையாலேயே விழுதல் வேண்டும்.