முதல் நாள் வகுப்பு

திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராய் விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை, 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தைத் தம் ஆசிரியர் ஹார்விக்கு உரிமையாக்கினார். பேரூர்க்கடையில் தம் இல்லத்திற்கும் ஹார்விபுரம் என்றே பெயரிட்டார். கடல் கடந்து வந்த ஓர் ஆசிரியர்பால் தமிழ் மாணாக்கர் கொண்ட அன்பு அத்தகையது. ஆசிரியர்மீது பிறக்கும் அன்பே பாடத்தின்மீதும் படரும்.

அவ்வன்புக்கு வித்திடத் தக்கது முதல் நாள். மழையோடு ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் இந்நகரில், நம் குழந்தைகள் வாரம் முழுதும் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். ஓய்வு நாளில் தமிழ் வகுப்புக்கு வரும் குழந்தை, முதல் நாளே மனம் சுளித்தால் மறு வாரம் வாராது. வீட்டுத் தமிழ் எழுத்தறியாமலே நின்றுவிடும். ஆகவே, கற்பிக்க முன்வரும் அன்பர்கட்குச் சில கூற விழைகின்றோம்.

பிள்ளைகள் வருமுன்னரே வகுப்பில் இருங்கள். பெயரைக் கேட்டு, அவர்கள் ஒலிக்கும் வண்ணமே அழையுங்கள். முதல் நாளே சோதனை வேண்டா. மலையாளம் கலந்து பேசினால் நகைத்தல் கூடாது. அந்நகைப்பு குழந்தையின் வாயை அடைத்துவிடும். மாறாக வழி, பழம், மழை என்னும் சொற்களைப் பலகையில் எழுதுங்கள். முதலிரண்டும் மலையாளத்திலும் அவ்வாறே வழங்கும். மழை மட்டும் 'மழ' ஆகும். பிறர் ஒலிக்க இடர்ப்படும் ழகரம் தன் நாவில் முன்னரே இருப்பதைக் குழந்தை உணரும், அச்சம் அகலும்.

நெடுங்கணக்கை அடுத்த வாரம் தொடங்கலாம். 'மறுபடி வகுப்பு என்று?' எனக் குழந்தை வீட்டில் கேட்குமாயின், முதல் நாள் பணி நன்கு நிறைவேறியது எனக் கொள்ளலாம்.