துப்பாக்கி தர மாட்டாங்க... ஆனா, படையே இவங்க தாளத்துக்குத்தான் நடக்கும்!

உங்க வீட்டுல 13 வயசுல ஒரு பையனோ பொண்ணோ இருந்தா, அவங்களை மனசுல வெச்சுக்கிட்டு இதைப் படிங்க.

அமெரிக்காவில் பழைய போர்களை அதே உடை, அதே ஆயுதங்களோடு நடித்துக் காட்டுவது பலருக்கும் பொழுதுபோக்கு. குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கிவிடுவார்கள். ஆனால், பல குழுக்களில் 16 வயது ஆகாமல் துப்பாக்கியைத் தொட விடுவதில்லை. அப்போ சின்னப் பிள்ளைகள் என்ன செய்வாங்க? டிரம் அடிப்பார்கள். இல்லையென்றால், 'ஃபைஃப்' என்கிற ஆறு துளை கொண்ட குட்டிப் புல்லாங்குழலை வாசிப்பார்கள்.

வர்ஜீனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்பர்க் இதற்குப் பேர்போன ஊர். அங்கே 18-ம் நூற்றாண்டுத் தெருக்களை அப்படியே பராமரிக்கிறார்கள். 1958-ல் தொடங்கிய அந்த ஊரின் ஃபைஃப், டிரம் குழுவில் இருப்பவர்கள் 10 முதல் 18 வயதுக்காரர்கள்தான். கோடை வெயிலில் அந்தக் காலத்துக் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு வாசித்தபடியே அணிவகுப்பார்கள்.

பிள்ளைகளைச் சமாதானப்படுத்தக் கொடுத்த வேலை மாதிரி தெரியுதில்ல? அதுதான் இல்லை.

1775-ல் தொடங்கிய அமெரிக்க விடுதலைப் போரை நினைச்சுப் பாருங்க. மைக் கிடையாது, வாக்கி டாக்கி கிடையாது. பீரங்கிச் சத்தத்தில் தளபதி தொண்டை கிழியக் கத்தினாலும் பத்தாவது ஆளுக்குக் கேட்காது. உத்தரவைக் கொண்டுபோனது டிரம்தான். 1779-ல் வெளியான ஸ்டூபனின் ராணுவக் கையேட்டில் இந்த அடிகளுக்குத் தனி அத்தியாயமே உண்டு. விடியலில் எழுப்ப ஓர் அடி, கூடாரத்தைப் பிரிக்க ஓர் அடி, ஆயுதம் ஏந்த ஓர் அடி. ராத்திரி எல்லோரும் கூடாரத்துக்குத் திரும்ப அடிப்பது 'டாட்டூ'. கையில் குத்திக்கொள்கிற டாட்டூ இல்லைங்க! மதுக்கடைப் பீப்பாய்க் குழாயை மூடச் சொல்லும் டச்சு வார்த்தையிலிருந்து வந்தது இது.

அடி மாறினால் ஆட்டம் மாறிவிடும். 1777-ல் ஜார்ஜ் வாஷிங்டன், 'படையின் இசை படுமோசம்' என்று கடிந்து, தலைமை இசைக்காரர்கள் அதைச் சரிசெய்யாவிட்டால் பதவியும் கூடுதல் சம்பளமும் போய்விடும் என்று உத்தரவே போட்டார். கூட்டத்தில் இவர்களைச் சட்டென்று கண்டுபிடிக்க, கோட்டின் நிறத்தையும் மாற்றித் தைத்தார்கள். சிப்பாய்க்கு நீலக் கோட்டில் சிவப்புப் பட்டை என்றால், டிரம்மருக்குச் சிவப்புக் கோட்டில் நீலப் பட்டை.

வில்லியம்ஸ்பர்க்கிலிருந்து கொஞ்ச தூரம்தான் யார்க்டவுன். 1781 அக்டோபரில் அங்கே ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் முற்றுகையில் சிக்கினார் (1792-ல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானைப் பணியவைத்த அதே ஆள்தான்). அக்டோபர் 17 காலை, ஆங்கிலேயர் பக்கத்து மண்சுவரில் ஒரு டிரம்மர் ஏறி நின்றார். 'பேசித் தீர்த்துக்கலாம்' என்பதற்கான அடியை அடிக்கத் தொடங்கினார். பீரங்கி முழக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆளைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்து பீரங்கிகள் ஓய்ந்தன. எதிரில் இருந்த அமெரிக்க அதிகாரி எபினேசர் டென்னி, அவ்வளவு இனிமையான டிரம் ஓசையைத் தான் கேட்டதே இல்லை என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அத்தனை குண்டுகளுக்கு நடுவே, கையில் ரெண்டு குச்சியோடு நிமிர்ந்து நின்ற அந்த ஆளின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

இன்று டிரம்மர் வேஷம் போடுகிற பிள்ளை இதையெல்லாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வாசிப்பு முடிந்ததும் பார்வையாளர்கள் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்பார்கள். 'டிரம்மர்கள் எல்லாரும் உன்னை மாதிரி சின்னப் பசங்களா?' என்பது நிச்சயம் வரும். இல்லை, வளர்ந்த ஆண்களும் நிறையப் பேர் இருந்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

இன்னொரு கேள்வி கொஞ்சம் கஷ்டம்: 'டிரம் அடிக்காத நேரத்தில் என்ன செய்வாங்க?' தப்பு செய்த சிப்பாய்க்குச் சாட்டையடி கொடுப்பதும் டிரம்மர்களின் வேலையாக இருந்தது. தன்னோடு ஒரே பானையில் சாப்பிட்டவனின் வெற்று முதுகில். பளபளக்கும் பித்தளைப் பொத்தான் கோட்டோடு, சிரித்த முகமாக நிற்கிற 14 வயதுப் பிள்ளை அதையும் மறைக்காமல் சொல்லணும். சொல்லிவிட்டு, வரிசை கிளம்பும்போது அடுத்த தாளத்தைத் தப்பில்லாமல் தொடங்கணும்.