உங்களுக்குத் தெரியுமா? – மைக் இப்போது ஊர்க்காரர் கையில்!

இந்தியாவில் ஊர்கள் சொந்த வானொலி நடத்த வழி திறந்துவிட்டது ஒரு கிரிக்கெட் தகராறு! 1993இல் ஹீரோ கோப்பைப் போட்டிகளை ஒளிபரப்புவது யார் என்று மத்திய அரசுக்கும் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மூண்ட சண்டை உச்ச நீதிமன்றம்வரை போனது. வானலைகள் பொதுச்சொத்து, அரசு மட்டுமே உரிமை கொண்டாட முடியாது என்று 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பளித்த நீதிபதிகளில் ஒருவர் பி.பி.சாவந்த். பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

★

நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி எது? நம் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்.தான். 2004 பிப்ரவரி 1இல் தொடங்கியது. கல்வி நிறுவனங்களுக்கு அப்போதே கிடைத்த அனுமதி, தொண்டு நிறுவனங்களுக்குக் கிடைக்க 2006 நவம்பர் ஆகிவிட்டது.

★

அதுவரை பொறுக்காதவர்களும் உண்டு. ஹைதர் அலி பிறந்த ஊரான கோலார் மாவட்டத்து பூதிகோட்டேயில், காற்றில் ஒலிபரப்பத்தானே தடை என்று கேபிள் வழியாகவே வீடுகளுக்கு வானொலியைக் கொண்டுபோனார்கள். பெயர் 'நம்ம த்வனி'. சட்டத்தை மீறவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள்!

★

தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம் மாச்னூர் என்றொரு சிற்றூர். அங்கே 2008 அக்டோபர் 15இல் 'சங்கம் ரேடியோ' பேசத் தொடங்கியது. நடத்துபவர்கள் தலித் பெண்கள், சிறு விவசாயிகள். நிலையத்தின் முகமாக அறியப்பட்ட இருவருக்கும் ஒரே பெயர், நர்சம்மா! குழப்பம் வரக்கூடாதென்று ஒருவர் 'ஜெனரல்' நர்சம்மா ஆனார். உரிமம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இவர்கள் நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து, ஒலிநாடாவைத் தங்கள் பெண்கள் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டு வந்தார்கள். விதை காப்பது, சிறுதானியம், கைமருந்து, பண்டிகைப் பாட்டு எல்லாம் தங்கள் வட்டாரத் தெலுங்கிலேயே. நகரத்து அறிவிப்பாளரின் மெருகேறிய உச்சரிப்பு இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. நிலையத்தைத் திறந்துவைத்தவர் யார் தெரியுமா? அதே நீதிபதி சாவந்த்.

★

புதுச்சேரி வட்டாரக் கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இலிருந்து தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயரக் கணிப்பைப் பார்த்து, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவார்கள். கடலுக்குப் போவதா வேண்டாமா என்று மீனவர்கள் கரையிலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இதே ஏற்பாடு நல்லவாடு கிராமத்தில் உயிர் காத்தது. சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் ஆபத்தை உணர்ந்து போனில் எச்சரிக்க, மைய ஒலிபெருக்கியில் அறிவிப்பு போனது, ஊரே வெளியேறியது. வீடுகளும் படகுகளும் சேதமாயின, மக்கள் தப்பினார்கள். சாதாரணக் குழாய் ஸ்பீக்கர்தான். ஆனால் ஊர் நம்பிப் பழகிய ஸ்பீக்கர்.

★

இலங்கையின் கொத்மலை சமுதாய வானொலிக்கு 1990களின் இறுதியில் இணையம் வந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள், அறிவிப்பாளர் இணையத்தில் தேடி வானொலியிலேயே விடை சொல்வார். கூகுளைப் பலரும் அறியாத காலத்தில், கணினியே இல்லாத வீட்டுக்குள் இணையம் நுழைந்த வழி இது.

★

வானொலிப் பெட்டிகூட வேண்டாம், ஒரு மிஸ்டு கால் போதும்! 2010இல் சத்தீஸ்கரில் தொடங்கிய சி.ஜி.நெட் ஸ்வரா அப்படித்தான். அழைத்துத் துண்டித்தால் கணினி திருப்பி அழைக்கும். கூலி வராதது, கைப்பம்பு கெட்டது என எதையும் கோண்டியிலோ இந்தியிலோ பதிவுசெய்யலாம். சரிபார்த்த பிறகு மற்றவர்களும் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிருபர் ஆகலாம்.

★

மைக் மட்டுமா? கேமராவும் ஊரைப் பேசவைத்த இடம் கனடாவின் ஃபோகோ தீவு. மீன்வளம் குறைந்ததால் மக்களை வேறிடத்துக்குக் குடிபெயர்க்கும் பேச்சு இருந்தது. 1967இல் அங்கே போன இயக்குநர் காலின் லோ எடுத்த குறும்படங்கள் இருபதுக்கும் மேல். படத்தில் பேசியவரின் சம்மதம் பெற்றே வெளியே காட்டினார். ஒருவரோடொருவர் சரியாகப் பேசிக்கொள்ளாத ஊர்கள், திரையில் பார்த்துத்தான் எல்லாருக்கும் ஒரே கவலை என்று புரிந்துகொண்டன. அமைச்சரின் பதிலையும் படம்பிடித்துத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், தீவிலேயே தங்கினார்கள்.

★

இத்தனை இருந்தும், நம் நாட்டுச் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கக்கூடாது! அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம். வானிலை, தேர்வு, மின்தடை, குடிநீர் அறிவிப்புகள் 'செய்தி' ஆகா என்று விதியே சொல்கிறது. ஆக, நாளை குழாயில் தண்ணீர் வராது என்று அறிவிக்கலாம். ஏன் வரவில்லை என்று விசாரித்துச் சொன்னால்தான் வம்பு.