குழலை எடுக்கத் திரும்பியவன்

பிரான்சு நாட்டின் வடபகுதியில் சொம் என்னும் ஆறு பாய்கிறது. அவ்வாற்றுக்கு வடக்கேயுள்ள மேட்டுநிலத்தில், 1916-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் காலை 7.30 மணிக்கு, ஆங்கிலேயப் படையினர் பதுங்குகுழிகளினின்று எழுந்து முன்னேறினர். அந்த ஒரு நாளில் அவர்களுள் மாண்டோர் 19,240 பேர். இன்று அவ்வயல்களில் கோதுமை விளைகிறது. ஆயினும் நினைவு நாட்களில் அங்கே ஸ்காட்லாந்து நாட்டுப் பைக்குழலின் ஓசை எழுகிறது. ஊதுவோர் ஸ்காட்லாந்தியர் மட்டுமல்லர். பிரெஞ்சு மக்களும் உளர். 'சொம் போர்க்களப் பைப் இசைக்குழு' எனப் பெயர் பூண்டு, அயலாரின் உடையை உடுத்து, அயலாரின் கருவியைப் பயின்று, தம் மண்ணில் மடிந்த அயல்நாட்டு இளைஞர்களை நினைந்து அவர்கள் இசைக்கின்றனர்.

பைக்குழல் எனில் என்னவென நம் வாசகர் சிலர் வினவக்கூடும். தோற்பை ஒன்று, அதில் காற்றை நிரப்ப ஒரு குழல், விரல்களால் பண் வாசிக்க ஒரு குழல், தோள்மீது சாய்ந்து நிற்கும் மூன்று சுருதிக் குழல்கள். ஊதுபவன் மூச்சு வாங்கும்போதும் கை பையை அழுத்துவதால் ஓசை அறுபடுவதில்லை. நம் நாதசுரத்துக்கு ஒத்து ஊதுவோர் தனியே இருப்பர். இங்கோ இரண்டையும் ஒருவனே தாங்குகிறான். இரு கைகளும் குழலில் இருப்பதால் அவனால் துப்பாக்கி ஏந்த இயலாது. முதல் உலகப் போரில் இவ்வாறு களம் புகுந்த குழலிசைஞர் ஏறத்தாழ 2,500 பேர் எனவும், அவர்களுள் சுமார் 500 பேர் மாண்டனர் எனவும் கணக்கிட்டுள்ளனர்.

அவர்களுள் ஒருவன் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன். ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. 1916 அக்டோபர் 8-ஆம் நாள் 'ரெஜினா அகழி'யைத் தாக்கச் சென்ற அவனது படைப்பிரிவு, அறுபடாத முள்கம்பி வேலியால் தடுக்கப்பட்டுக் கடும் குண்டுமழையில் சிக்கிற்று. தலைதூக்கவும் வழியில்லை. அவ்வேளையில் இருபது வயதான அவ்விளைஞன், வேலிக்கு வெளியே எழுந்து நின்று, முன்னும் பின்னும் நடந்தவாறே குழல் ஊதினான். அதனைக் கேட்டுச் சோர்ந்து கிடந்தோர் எழுந்து வேலியைக் கடந்தனர். கடந்தவர்களுள் எத்தனை பேர் தம் தாயரைக் கண்டனரோ! அவ்விசையைப் போற்றுவதா, அதற்காக வருந்துவதா என நம் மனம் தடுமாறவே செய்கிறது. அன்று அகழி முழுமையாகப் பிடிபடவில்லை. அதற்கு மேலும் ஒரு திங்கள் சென்றது.

பின்னர், காயமுற்ற தோழன் ஒருவனையும் கைதிகளையும் பின்னணிக்குக் கொண்டு செல்லுமாறு ரிச்சர்ட்சன் பணிக்கப்பட்டான். சுமார் இருநூறு கசம் நடந்தபின், குழலைக் களத்திலேயே விட்டுவந்தது அவனுக்கு நினைவு வந்தது. அதனை எடுக்கத் திரும்பினான். அதன்பின் அவனை உயிரோடு எவரும் கண்டிலர். 1918-இல் விக்டோரியா கிராஸ் விருது அவன் பெயருக்கு வழங்கப்பட்டது.

குழல் என்னவாயிற்று? 1917-இல் ஆங்கிலேயப் படையின் சமய குரு ஒருவர், சேறு படிந்து உடைந்து கிடந்த பைக்குழல் ஒன்றைக் கண்டெடுத்தார். எவருடையதென அறியார், எனினும் எறிந்துவிட மனம் ஒப்பவில்லை. ஊருக்குக் கொணர்ந்து, ஸ்காட்லாந்தில் தாம் கற்பித்த ஆர்ட்வ்ரெக் பள்ளியில் சேர்த்தார். நாமும் குருவாதலின், இச்செயலில் நம் நெஞ்சம் தனியே நிற்கிறது. இறந்தவனின் பெயர் தெரியாதபோதும் அவன் பொருளைப் பேணினார் அன்றோ! எண்பது ஆண்டுகளுக்கு மேல் அது பெயரின்றிக் கிடந்தது. 2002-இல் இணையத்தின் வழியே அதுபற்றி அறிந்த கனடிய இசைஞர் ஒருவர், அதன் துணியில் இருந்த லெனாக்ஸ் கட்டத்தைக் கொண்டு துப்புத் துலக்கத் தொடங்கினார். ரிச்சர்ட்சனின் படைப்பிரிவுக் குழலிசைஞர் பயன்படுத்திய கட்டம் அதுவே.

2006 நவம்பரில் அக்குழல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணச் சட்டமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்டது. அவனோ சொம் மண்ணிலேயே, அடனாக் என்னும் போர்க் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றான். கனடா என்னும் பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகப் படித்தால் வரும் பெயர் அது.

'காட்டு மலர்கள்' என்னும் இரங்கற்பண் ஒன்று ஸ்காட்லாந்தியரிடையே உண்டு. 1513-இல் ஃபிளாடன் போரில் மாண்டோருக்கானது. அடக்கச் சடங்கிலும் நினைவு நாளிலும் அன்றி, அதனைப் பிறர் கேட்க வாசிக்கப் பல குழலிசைஞர் இன்றும் இசைவதில்லை.