மூக்குத்தி வந்தது, கன்னம் வரவில்லை

தஞ்சாவூரிலிருந்து வாசகர் ஒருவர், தம் பாட்டியாரை எடுத்த நெகட்டிவ் ஒன்றை உறையிலிட்டு அனுப்பி, கூடவே ஒரு கேள்வியும் எழுதியிருக்கிறார். ஸ்டூடியோ விளக்கோ பிளாஷோ இல்லாத வீட்டில், கூடத்தில் தொங்கிய 40 வாட் குண்டு பல்பு ஒன்றையே நம்பி, 400 வேகமுள்ள கறுப்பு வெள்ளைப் பிலிமைப் போட்டு, லென்ஸின் துவாரத்தை எப்/8-இல் வைத்து, மீட்டர் சொன்ன 4 நொடியைக் கூட்டாமல் குறைக்காமல் கொடுத்தாராம். பாட்டியாரும் சிலைபோல் உட்கார்ந்திருந்தாராம். அப்படியும் படம் இருண்டு போயிற்றாம். பிலிம் பழசா, மீட்டர் பொய்யா என்று கேட்கிறார்.

நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மூக்குத்தி கன்னங்கரேலென்ற புள்ளியாகக் கூர்மையாக விழுந்திருக்கிறது. நரைமுடியும் ஒருவாறு வந்திருக்கிறது. விளக்குக்கு மறுபுறத்துக் கன்னமும் புடவைத் தலைப்பின் மடிப்பும் இருக்கவேண்டிய இடந்தான் துடைத்த கண்ணாடிபோல் வெறுமையாக இருக்கிறது. பிலிமின்மேல் பழியில்லை, மீட்டரின்மேலும் பழியில்லை. பாதி வெளிச்சத்துக்கு இரட்டிப்பு நேரம் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்று மீட்டர் நம்புகிறது. மங்கிய வெளிச்சத்தில் அந்த நம்பிக்கைக்குப் பிலிம் கட்டுப்படுவதில்லை, அவ்வளவே.

பிலிமின் ஜெலட்டினில் பதிந்து கிடக்கும் வெள்ளி புரோமைடு ஸ்படிகம் ஒவ்வொன்றையும், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ளதாயினும், ஒரு வீடாகப் பாவித்துக்கொள்ளுங்கள். அதன் வாசலில் சீட்டாட்டத்துக்கென்றே அமைந்த திண்ணை ஒன்று உண்டு. ஒளித்துகள் ஒன்று வந்து மோதியதும் விடுபடுகிற எலெக்ட்ரான் திண்ணையில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. உள்ளே அலைந்துகொண்டிருக்கும் வெள்ளி அயனி ஒன்று அதைத் தேடிவந்து கூடி, ஒரு வெள்ளி அணுவாகிறது. முதல் ஆள் வந்துவிட்டார். ஆனால் ஒற்றை ஆளுக்குத் திண்ணையில் என்ன வேலை? துணைக்கு இன்னொருவர் வராவிட்டால், நொடிக்கணக்கிலேயே அவர் எழுந்து போய்விடுகிறார். அணு குலைந்து எலெக்ட்ரான் மீண்டும் அலையத் தொடங்குகிறது. இருவர் சேர்ந்துவிட்டாலோ வம்புப் பேச்சில் நேரம் போவது தெரியாது. நெடுநேரம் ஸ்திரமாக இருப்பார்கள். மூவரோ நால்வரோ கூடினால்தான் ஆட்டம் துவங்கும். துவங்கிவிட்டாலோ, டெவலப்பர் என்னும் ரசாயனம் அந்த நால்வரை அடையாளம் கண்டு, வீட்டுக்குள் இருக்கும் நூறு கோடிக்கு மேற்பட்ட அயனிகளையும் ஒன்றுவிடாமல் வெள்ளியாக்கித் திண்ணைக்கு இழுத்துவந்துவிடும். (இத்தனை பேரைத் தாங்கும் திண்ணை எந்த ஊரிலும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) நால்வர் கூடாத வீட்டையோ டெவலப்பர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

மூக்குத்தியிலிருந்து ஒளித்துகள்கள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. முதல் ஆள் எழுந்திருக்குமுன் அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். இருண்ட கன்னத்திலிருந்தோ ஒன்று வந்து, அது போனபின் இன்னொன்று வந்தது. 4 நொடியும் இப்படி வருவதும் போவதுமாகவே கழிந்ததால், வந்த துகள்களின் தொகை மீட்டரின் கணக்குப்படியே சரியாக இருந்தும், கன்னம் மறைந்தது.

சரித்திரம் கேட்பவர்களை உத்தேசித்து ஒரு பத்தி. பிற்காலத்தில் கருந்துளைக் கணிதத்தால் பெயர்பெற்ற கார்ல் ஷ்வார்ட்ஸ்சில்டு, 1890-களின் பிற்பகுதியில் வியன்னாவில் நட்சத்திரங்களைப் படமெடுத்தபோது இந்தக் குறையை அளந்தார். திண்ணை விவகாரத்தை 1938-இல் கர்னி, மாட் என்ற இரு விஞ்ஞானிகள் விளக்கினர். இடையில் 1925-இல் கோடாக் ஆராய்ச்சிசாலையின் ஷெப்பர்ட், சில ஜெலட்டின்களுக்கு மட்டும் ஒளியுணர்ச்சி மிகுந்திருப்பதேன் என்று துருவிப்போய், மாட்டுத் தோலிலும் எலும்பிலும் தங்கியிருந்த கடுகெண்ணெய் இனத்துக் கந்தகப் பொருளில் போய் நின்றார். திண்ணையைக் கட்டிய கொத்தன் கந்தகமே. மாடு மேய்ந்த செடியின் காரம் மனித முகத்தைப் பிடித்துவைக்கிறது என்பதைவிடச் சுவையான செய்தி இந்தத் துறையில் எனக்குத் தென்பட்டதில்லை.

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கை. பிலிம் மறுபடியும் நாகரிகமாகியிருக்கும் இந்நாளில், அதற்கு ஆத்மா உண்டு என்று சொல்வோர் ஒருபுறமிருக்க, 400 வேகப் பிலிமை டெவலப்பரில் கூடுதல் நேரம் ஊறவைத்து 1600 ஆக்கிவிடலாம் என்று ஆசைகாட்டுவோரும் பெருகிவிட்டனர். ஓரளவு ஆள் கூடிய இடங்கள் இன்னும் கறுக்கும். மூக்குத்தி மேலும் கறுக்கும். ஆளே கூடாத திண்ணையில் டெவலப்பர் எதை வளர்க்கும்?

நேரத்தை நீட்டுவது ஒரு வழி. அதன் விலையைச் சொல்ல, ட்ரை-எக்ஸ் பிலிமுக்கு அதன் தயாரிப்பாளர் தந்த அட்டவணை போதும்: மீட்டர் 1 நொடி என்றால் 2 கொடுக்கவேண்டும், 10 என்றால் 50, 100 என்றால் 1200. இருபது நிமிஷம் மூச்சடக்கி உட்காரும் பாட்டி யாருக்கு வாய்ப்பார்? ஆகையால் நேரத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை நெருக்குவதே மேல். 6 அடி தூரத்தில் தொங்கிய பல்பை மேசை விளக்கில் மாட்டி 3 அடிக்குக் கொண்டுவந்தால் நான்கு மடங்கு, துவாரத்தை எப்/2.8-க்குத் திறந்தால் எட்டு மடங்கு. ஆக முப்பத்திரண்டு மடங்கு வெளிச்சம் கிடைத்து, 4 நொடி 1/8 நொடியாகச் சுருங்கிவிடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் திண்ணையை விட்டு எழுந்துபோக யாருக்கும் அவகாசமில்லை. இருண்ட கன்னத்தின் பக்கம் தும்பைப்பூப்போல் வெளுத்த வேட்டி ஒன்றை நாற்காலி முதுகில் விரித்துவிட்டால், ஸ்டூடியோக்காரர் விலைகொடுத்து வாங்கும் பிரதிபலிப்புப் பலகையின் வேலையை அது கூலியில்லாமல் செய்யும்.

காமிராவை ஸ்டூலின்மேல் அசையாமல் வையுங்கள். எப்/2.8-இல் கூர்மை சில விரற்கடை ஆழத்துக்குமேல் நில்லாது. ஆகவே விளக்குப் பக்கத்துக் கண்ணின்மேல் போகஸ் செய்யுங்கள், மூக்குத்தியின்மேல் வேண்டாம். அது போன தடவையே நன்றாக விழுந்துவிட்டது.